பஸ்ஸில் கண்ணடித்தவர்

எழுபதுகளின் கடைசியில் தையல் வகுப்புக்காக உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் எதிரே நின்றிருந்த நடுவயதுக்காரர் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முறைத்தேன். மறுபடியும் கண்ணடித்தார். எனக்கு எப்போதுமே கைதான் முந்தும். செருப்பைக் கழற்றி அடித்துவிட்டேன். அவர் குழறலாக ஏதோ சொன்னார். குடித்திருக்கிறார் என்று மற்றவர்களும் அடித்து நடுவழியில் இறக்கிவிட்டார்கள். வகுப்பில் அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

அடுத்த வாரம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், பெஞ்சில் அவர். ஒரு கண்ணைத் துணியால் கட்டியிருந்தார். பக்கத்தில் மனைவி.

"இன்னாக்கா ஆச்சு இவருக்கு?" என்றேன்.

"ஆட்டுப்பட்டியில உண்ணி கடிச்சு ஜொரம் வந்துச்சும்மா. பாதி மூஞ்சி இஸ்துக்கிச்சு. ஒரு கண்ணு மூடவே மாட்டேங்குது, இன்னொண்ணுதான் மூடித் தொறக்குது. கண்ணடிக்கிறாருன்னு பஸ்ல எவளோ செருப்பால அடிச்சிட்டா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"வுடு. அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்" என்று மனைவியிடம் குழறினார்.

நான் காய்ச்சலுக்கு மருந்துகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அதே பஸ்ஸில் ஏறினார். முகம் நேராகியிருந்தது, இரண்டு கண்ணும் ஒன்றாக இமைத்தன. இன்றாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

நான் எதற்காக எழுந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?