மேட்டின் மேல்பரப்பு: சமதளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஓவர்சீயராக இருந்தேன். ஒரு வேலையைச் செய்வதற்கும் அந்த வேலைக்கு எஸ்டிமேட் போடுவதற்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஊரைத் தாண்டி ஒரு பழைய கல் குவாரி. குத்தகைக்காரர் கல்லை எடுத்துக்கொண்டு, குழியை அரசாங்கத்துக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். குழியை ஒட்டி, கல்லுடைத்த கழிவும் மேல்மண்ணும் கொட்டிய பெரிய மேடு. அதன்மேல் ஒன்பது குடிசைகள். அங்கே கல் உடைத்தவர்கள், வேலை போன பிறகு போக இடமில்லாமல் மேட்டிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியின் இரண்டு வயதுப் பெண் குழந்தை குழிக்குள் சறுக்கி விழுந்துவிட, தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் காப்பாற்றினார்களாம். குழியை மூடித் தரவேண்டும் என்று ஒன்பது வீட்டாரும் கைநாட்டு வைத்து மனு கொடுத்தார்கள். மனு என் மேசைக்கு வந்தது.

குழி மூடும் எஸ்டிமேட்டில் மண்ணுக்கு விலை கிடையாது. மண் வரும் தூரத்துக்குத்தான் விலை. பக்கத்தில் கிடைத்தால் கம்மி, தூரத்தில் என்றால் ஜாஸ்தி. எங்கள் மேலதிகாரிக்கு ஒரு தொகை வரைதான் கையெழுத்துப் போட அதிகாரம். அதைத் தாண்டினால் கோப்பு வேலூரில் இருந்த மாவட்டத் தலைமை ஆபீஸுக்குப் போகும். வேலூருக்குப் போன கோப்பு திரும்பி வருவதற்குள் எழுதியவன் ரிட்டயர் ஆகிவிடுவான் என்பார்கள். எனக்கோ அந்தக் குழந்தைக்காக வேலை சீக்கிரம் நடக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசை.

அளக்கப் போன வாரம் தீபத் திருவிழா. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் கூட்டத்துக்குத் தடுப்பு கட்டப் போய்விட்டார்கள். அளவுக் கம்பத்தைப் பிடிக்க ஆளில்லாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் அம்மா வந்தாள்.

“இப்பிடிக் குடுங்க சார், நான் புடிக்கிறேன். பாறை தூக்கின கை இது.”

மேட்டின் நான்கு மூலைக்கும் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடைசியாக உச்சியில், தன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“நேரா கீதா சார்?”

“நேரா இருக்கும்மா. ஆடாம நில்லு.”

அந்தக் காலத்து அளவுக் கருவிக்குள் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அது எனக்குப் பழகியிருந்தது. கம்பத்தில் உள்ள எண்ணை மட்டும் படித்து எழுதிக்கொண்டேன்.

பிறகு மோர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். உச்சி தட்டையாக இருந்ததால் கணக்கு சுலபம். வீடு கட்டுவதற்காக அவர்கள் கையால் நிரவிய இடம் அது. ‘மேல்பரப்பு: சமதளம்’ என்று எழுதினேன். மேட்டை அப்படியே தள்ளினால், ஆளை விழுங்காத அளவுக்குக் குழி தூர்ந்துவிடும். மண் வரும் தூரம் அநேகமாக ஒன்றுமில்லை. படிவத்தில் வீடுகளுக்குக் கட்டம் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டு மோர் தொண்டையில் இறங்கும்போதுகூடத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்றே மாதத்தில் அனுமதி கிடைத்தது.

ஒரு நாள் அவள் ஆபீஸுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை வேர்க்கடலை, மடித்த நோட்டீஸ். டீக்கடைக்காரர் முதல் வரியைப் படித்துச் சொல்லியிருக்கிறார்: தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு கோரிக்கை ஏற்கப்பட்டது. அதற்குமேல் படிக்க அவருக்கு நேரமில்லை, அல்லது மனம் வரவில்லை.

“நீங்க நல்லா இருக்கணும் சார். மீதிய நீங்களே படிங்க.”

மீதி இதுதான்: மேற்படி பணிக்காக மேட்டிலுள்ள ஆக்கிரமிப்பாளர்கள் பதினைந்து நாட்களுக்குள் காலி செய்ய வேண்டியது.

படித்தேன். ஆக்கிரமிப்பாளர் என்றால் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப அன்னிக்கு என் வீட்டு வாசல்ல என்னையே கம்பம் புடிக்க வெச்சீங்களே, அது இதுக்குத்தானா?”

கொண்டுவந்த வேர்க்கடலையை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்றே கணக்கில் பிழை என்று எழுதிக் கொடுத்து மறு எஸ்டிமேட் போட்டேன். அது முடியும்வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தத் தடவை மண் இரண்டு மைல் தள்ளி ஏரியிலிருந்து. தொகை மூன்று மடங்கு.

“குழிய மண்ணால மூடறோமா, வெல்லத்தால மூடறோமா?” என்றார் மேலதிகாரி.

வேலியாவது போடலாமே என்றேன்.

“மனுவில வேலி கேக்கலியே!”

கோப்பு வேலூருக்குப் போயிற்று. அதிசயமாக ஒரே வருடத்தில் திரும்பி வந்தது, நிதி இல்லை என்று. நோட்டீஸும் ரத்தாகிவிட்டது.

என் சர்வீஸிலேயே நான் போட்ட நேர்மையான எஸ்டிமேட் அதுதான். தள்ளுபடி ஆகவேண்டும் என்றே போட்டது. பெருமை தாங்காமல் நானே சைக்கிள் மிதித்துக்கொண்டு சொல்லப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ட எடுக்க மாட்டாங்கம்மா. ஒம்போது வீடும் இருக்கும்.”

“குழி?”

“குழியும் இருக்கும்.”

புளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, குழந்தை எங்கே என்று தேடிக்கொண்டு மேட்டின் அந்தப் பக்கம் ஓடினாள்.