காட்டுப்பாக்கம் மோட்டார் கடைக்காக ஏலம் கேட்டது

விதி இதுதான்: தானியங்கி ஏல முறைக்கு மாறும் முன், எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம் என்பதை வரையறுக்க வேண்டும், அந்த எண்ணிக்கை சரியாக விழுகிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும். தேடுதளத்தின் உதவிப் பக்கங்களில் இது தெளிவாகவே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடும் போட்டேன். அப்படியும் அந்தக் கடையைக் கிட்டத்தட்ட மூட வைத்துவிட்டோம்.

1. டெண்டர் தெரிந்தவர்

ஆவடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆன்லைன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலாளி பிரவீன், என் மகனைவிட இளையவர். டெண்டர் பார்த்தவருக்கு ஏலம் தெரியாமல் இருக்குமா என்பது அவர் கணக்கு. தவறான கணக்குதான். ஆனால் அறையில் ஏ.சி. நன்றாக வேலை செய்ததால் நான் மறுக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் செல்போனில் "போர் மோட்டார் ரிப்பேர்" என்று தேடும் ஒவ்வொரு முறையும் ஓர் ஏலம் நடக்கிறது. யார் விளம்பரம் மேலே வரும் என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவாகிவிடும். எங்கள் பிரிவில் இதே முடிவுக்கு எட்டு மாதம் ஆகும். அதில் இரண்டு மாதம் ஃபைலைத் தேடுவதற்கு. ஏலத்தில் எவ்வளவு கேட்பது என்பதை நாமே கையால் போடலாம், அது மேனுவல். நிறைய பேர் விளம்பரத்தைத் தொட்டால் போதும் என்றால் மேக்ஸிமைஸ் கிளிக்ஸ். தொட்டவர்களில் உண்மையான வாடிக்கையாளர்களை மெஷினே கண்டுபிடித்து, அவர்களைப் போன்றவர்களுக்காக ஏலம் கேட்க வேண்டும் என்றால் மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ். மூன்றாவதில்தான் மெஷினுக்கு மூளை உண்டு. மூளை உள்ளவர்களிடம் எப்போதும் உள்ள சிக்கல் அதற்கும் உண்டு: நாம் காட்டுவதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

2. தகரத்துக்குப் பின்னால்

எங்களிடம் விளம்பரம் கொடுக்க வந்த ஆரோக்கியமேரி, காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கணவர் இறந்த பிறகு அவரே நடத்துகிறார். ரிப்பேர் வேலையைப் பார்ப்பவர் மெக்கானிக் ஏழுமலை. சாலை வேலைக்காகக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு கடை இருப்பது கடைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. கட்டட உரிமையாளர் புது வாடகை அக்ரிமெண்டில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவணி முடியறதுக்குள்ள சொல்லுன்றாரு சார்," என்றார் மேரி. "ஃபோன்ல ஆள் வந்தா கையெழுத்துப் போடுவேன். வரலன்னா சாவியக் குடுத்துட வேண்டியதுதான். ஏழுமலைகிட்ட இன்னும் சொல்லல."

நான் விதிப்படி எல்லாம் செய்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் அழைப்புதான் வெற்றி என்று வரையறுத்தேன். என் செல்போனில் இருந்தே விளம்பரத்தைத் தொட்டு அழைத்தேன். மேரி எடுத்தார், நலம் விசாரித்தார், சமையல் வரைக்கும் பேசினார். ஒரு கன்வர்ஷன், அதாவது ஒரு வெற்றி, பதிவானது. சோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டேன்.

"இது டெண்டர் இல்ல சார்," என்றார் பிரவீன். "கன்வர்ஷன்ஸ்ல போட்டுட்டு கைய எடுத்துடுங்க. மெஷின் பாத்துக்கும்."

மெஷின் பார்த்துக்கொண்டது.

3. வந்தவர்கள்

முதலில் ஒரு வைண்டிங் ஒயர் வியாபாரி அழைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு பேரிங் மொத்த வியாபாரி. பிறகு கெப்பாசிட்டர் ஏஜென்சி. எல்லாரும் விற்பவர்கள். மோட்டார் ஓடவில்லை என்று அழைப்பவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள்.

ஏழுமலை என்னை அழைத்தார். "இன்னா நைனா, உன் மிசினு ஒயரு விக்கிறவனாவே இட்டுகினு வருது? அவனுக்கு நான் இன்னா ரிப்பேர் பண்றது?"

ரிப்போர்ட்டைத் திறந்தேன். வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை எடுக்கப்படவே இல்லை என்று இருந்தது. மேரியை அழைத்துக் கேட்டேன்.

"யாரு சொன்னது?" குரல் உயர்ந்தது. "வர்ற ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் பேசறேன் சார். பேசிப் பேசித் தொண்டையே கட்டிக்கிச்சு."

"ரிப்போர்ட் அப்படித்தாம்மா சொல்லுது."

"அப்ப ரிப்போர்ட்ட வந்து கடையில உக்காரச் சொல்லுங்க."

முப்பது வருடத்துக்கு மேல் ரிப்போர்ட்டை நம்பிச் சம்பளம் வாங்கியவன் நான். ரிப்போர்ட்டால் வர முடியாது என்பதால் நான் போனேன்.

4. கடையில் ஒரு காலை

ஏழுமலை எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. மேரியின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கட் செய்தார். அடுத்த நொடியே அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்தார்.

"கூப்டீங்களா சார்? தண்ணி ஏறலயா? எந்த ஏரியா?" பத்து நிமிடம் பொறுமையாகப் பேசி, ஆளை அனுப்புவதாகச் சொல்லி வைத்தார்.

"ஏம்மா கட் பண்ணீங்க?"

"புது நம்பர் சார். கஸ்டமரு. மோட்டார் போச்சேன்னு கூப்பிடறவங்க காசுலயா நம்ம பேசறது? கட் பண்ணிட்டு நம்மதான் கூப்பிடணும்."

"இப்ப எல்லாருக்கும் அன்லிமிடெட்தானேம்மா?"

"அன்லிமிடெட்னா மரியாத வேணாமா?"

ஏழுமலை சிரித்தார். "அண்ணன் உசுரோட இருந்த காலத்துலேர்ந்தே இந்தக் கடையில அப்டிதான் நைனா."

மறுபடியும் செல்போன் அடித்தது. இந்த முறை உடனே எடுத்தார். "சொல்லுங்கண்ணே." ஒயர் வியாபாரி. அவர் பெயர் செல்போனில் பதிவாகி இருந்தது. தெரிந்த ஆள் என்பதால் கட் செய்யவில்லை. அவர் அழைத்த விதத்தையும் விசாரித்தேன். எண்ணைத் தேடி எடுக்கச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு முறையும் கடைப் பெயரைத் தட்டி, மேலே வரும் எங்கள் விளம்பரத்தையே தொட்டு அழைக்கிறாராம். ஆவடியில் இருக்கும் மேரியின் நாத்தனாரும் அப்படித்தான். மாலையில் அழைத்தால் அரை மணி நேரம் பேசுவார்.

எல்லாம் விளங்கிவிட்டது. வாடிக்கையாளர் அழைத்தால் கட். மெஷினின் கணக்கில் அது தோல்வி. ஒயர்க்காரரும் நாத்தனாரும் அழைத்தால் நீண்ட பேச்சு, அது வெற்றி. எனவே நல்ல மாணவனைப் போல மெஷின் ஒயர்க்காரர்களைத் தேடித் தேடி, அவர்களுக்காக ஏலம் கேட்டுக்கொண்டிருந்தது. என் சோதனையும் அதே ரகம்தான். மேரியின் செல்போனில் நான் "விளம்பர சார்" என்று பதிவாகி இருந்தேன்.

நெடுநாள் கழித்து வயிறு குலுங்கச் சிரித்தேன். ஏன் என்று விளக்கியதும் ஏழுமலை கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, உன் நாத்தனாருக்கோசரம் ஏலம் எட்த்துகினு கீறாங்க!" மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப இனிமே எடுத்தே பேசிடறேன் சார்," என்றார். அடுத்த அழைப்பை எடுத்தும் பார்த்தார். "வைங்க சார், நானே கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தார். நாலு நொடி. பழக்கத்தை மாற்றச் சொல்லும் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

5. திருத்தம்

அலுவலகம் திரும்பி வெற்றியின் வரையறையை மாற்றினேன். கடையின் இணையப் பக்கத்துக்கு வந்து அழைப்புப் பொத்தானை அழுத்தினாலே கன்வர்ஷன்; எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பது வேண்டாம். விளம்பரத்தைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கு மட்டுமே போகும்படி செய்தேன். உதவிப் பக்கம் இந்த முறையை இரண்டாம் தரமாகத்தான் மதிக்கும். உதவிப் பக்கம் எழுதியவர் காட்டுப்பாக்கத்தில் டீ குடித்தவர் அல்ல. கடைப் பெயரை நெகட்டிவ் பட்டியலில் சேர்த்து, அதைத் தட்டித் தேடுபவர்களுக்கு விளம்பரம் தெரியாதபடி தடுத்தேன். மெஷின் கற்றதை மறக்கும்வரை மேக்ஸிமைஸ் கிளிக்ஸுக்கு இறக்கி வைத்தேன். போதிய கன்வர்ஷன்கள் சேர்ந்ததும் பழையபடி ஏற்றினேன்.

"நாத்தனார நெகட்டிவ்ல போட்டுட்டீங்களா சார்?" என்று பிரவீன் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்னீர்குப்பத்தில் இருந்து அழைத்தார்கள், பூந்தமல்லியில் இருந்து அழைத்தார்கள். ஏழுமலையின் வண்டி கடை வாசலில் நிற்பதே அரிதாயிற்று. ஆனாலும் மேரி கையெழுத்துப் போடவில்லை. "மழ ஆரம்பிச்சா போர் வேல படுத்துரும் சார். அப்ப என்ன பண்றது?"

அவர் பயம் நியாயமானது. அந்த நேரத்தில்தான் கோவில்பதாகையில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் விளம்பரம் பார்த்து அழைத்தது. அவர்களுடைய மோட்டார்கள் அனைத்துக்கும் வருடம் முழுவதற்குமான பராமரிப்புக்குக் கொட்டேஷன் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். கொட்டேஷனில் எங்கே கண் நிற்கும் என்பது முப்பது வருடம் அதைப் பார்த்து நிராகரித்தவனுக்குத் தெரியும். பிறகு சங்கம் கமிட்டி கூட்ட வேண்டும் என்றது. கூட்டியது. கோரம் இல்லை, வந்த உறுப்பினர்கள் போதாது என்றது. மறுபடி கூட்டியது. இந்த நடைமுறைகள் எனக்குத் தாய்வீடு மாதிரி. மேரிக்குத்தான் தூக்கம் போயிற்று. ஆவணி பாதியைத் தாண்டிவிட்டது.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஏல முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நாள் அந்தக் கடையில் போய் உட்காருங்கள். போன் எப்படி அடிக்கிறது, யார் எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு மெஷினைத் திறக்கலாம்.

பராமரிப்பு ஒப்பந்தம் நமக்கே என்று சங்கத்தின் பதில் வந்தது. மேரி அன்று மாலையே அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழுமலையையும் என்னையும் பிரியாணி சாப்பிட அழைத்துப் போனார். மாதா பிறந்தநாள், செப்டம்பர் எட்டு.