அக்காவின் ஃபிலிமைக் கழுவிய கதை

எதிர் வீட்டு அக்காவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். தினமும் சாயங்காலம் அவனிடமிருந்து வீடியோ கால் வரும். அக்கா போனை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பேசுவார். பையனுக்குத் தெரிவதெல்லாம் கூடத்து ஃபேன்தான். இரண்டு வருடமாக அவன் அந்த மூன்று இறக்கையைப் பார்த்தே "சாப்பிட்டியாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காரணம் உண்டு. அவன் துபாய்க்குக் கிளம்பிப் போன கொஞ்ச நாளில் அக்காவுக்கு முகவாதம் வந்தது. ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாகவே ஒழுகியிருக்கிறது. மருந்து, மசாஜ், கரன்ட் வைத்தியம் எல்லாம் செய்து முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சம் இருக்கும் கால்வாசி சிரிக்கும்போது மட்டும் வாயின் இடது ஓரத்தில் தெரியும். எனக்கு அது பழகிவிட்டது, அக்காவுக்குப் பழகவில்லை. அதற்குப் பிறகு சொந்தத்தில் நடந்த இரண்டு கல்யாணங்களிலும் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு படத்தில்கூட நிற்காமல் தப்பித்துவிட்டார்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். வீடு பீர்க்கன்கரணையில். முதல் சம்பளத்தில் வாங்கிய ஃபிலிம் கேமராவை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன். எங்கள் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலை டப்பாவுக்கும் நடுவில் என் ஃபிலிம் ரோல்கள் குடியிருக்கும். மாவு பொங்கி அவற்றின்மேல் வழிந்த நாளெல்லாம் உண்டு. "பாதி ஃப்ரிட்ஜ் உன் சொத்து, மீதிதான் குடும்பத்துக்கு" என்பார் என் கணவர். அந்தச் சொத்தும் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் மூன்று கறுப்பு வெள்ளை ரோல் மிச்சம்.

அந்தச் சமயம் பார்த்து, நான் வழக்கமாக ஃபிலிம் கழுவக் கொடுக்கும் நகரத்துக் கடையில் கையை விரித்துவிட்டார்கள். "கெமிக்கல் வர்றதில்ல மேடம். பேசாம அந்த கேமராவை ஷோகேஸ்ல வச்சுடுங்க, பாக்க அழகா இருக்கும்" என்றார் அங்கிருந்தவர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. மின்சார ரயிலில் தாம்பரம் வரும்வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை, மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தார்.

"டீச்சர், உன் கேமரால எடுத்தா உடனே பின்னால படம் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா. கழுவினாத்தான் படமே."

"அப்ப என்னை எடு. மூஞ்சியைக் காட்டு, மூஞ்சியைக் காட்டுன்னு புள்ள உயிரை வாங்கிக்கினு கீறான். போன வாரம் அழுதுட்டான். ஆனா ஒண்ணு, எந்தக் கடைக்காரன் கைக்கும் இது போவக் கூடாது. நீயே கழுவணும். நான் பாத்து, புடிச்சாத்தான் அவனுக்கு. புடிக்கலைன்னா அடுப்புல போட்டுடுவேன். அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

கழுவும் மருந்தே கிடைக்காத நேரத்தில் "சரிக்கா" என்று சொன்னேன் பாருங்கள், அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். செல்போனைக் கண்டாலே முக்காட்டை இழுத்துக்கொள்ளும் மனுஷி தானாக வந்து நிற்கும்போது வேறென்ன சொல்வது? புது ரோலைப் போட்டேன். மூன்று முறை க்ளிக் செய்தேன். முதல் இரண்டுக்கும் அக்கா மூச்சுக்கூட விடவில்லை. மூன்றாவது முறை தாம்பரம் தளத்து விமானப்படைக்காரர்களின் குட்டி விமானம் தலைக்குமேல் காதைக் கிழித்துக்கொண்டு போக, "இவனுங்களுக்கு வேற வேலை இல்ல" என்று திட்டிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அழுத்திவிட்டேன். உடனே "போதும்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

இனி அந்த ரோலை எங்கேயும் தபாலில் அனுப்ப முடியாது. வாக்கு வாக்குதான். வீட்டிலேயே கழுவ வேண்டும். காபித்தூள், வைட்டமின் சி, சோடா உப்பு மூன்றும் சேர்ந்தால் ஃபிலிமில் படம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேதியியல் கணக்குப்படியும் அது சரியாகவே பட்டது. படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவுக்கு எங்கே போவது என்று தலையைச் சொறிந்தபோது, அது அக்கா வீட்டிலேயே இருந்தது. அக்காவின் கணவர் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறார். குழாய்த் தண்ணீரில் குளோரினை எடுக்க மீன் வளர்ப்பவர்கள் போடும் வெள்ளைக் கல், ஹைப்போவேதான். "இன்னா டீச்சர், மீன் வளக்கப் போறியா?" என்று கேட்டு பாய் ஒரு பை நிறையக் கொடுத்தார்.

அக்காவின் ரோலை எடுத்தவுடனே கரைசலில் முக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. இன்னொரு ரோலில் எங்கள் ஊர் ஏரியை, ஏரிக்கரை ஆடுகளை, எங்கள் வீட்டுக் கேட்டை என்று கண்டதையும் எடுத்து, முதலில் அதைக் கழுவினேன். இன்ஸ்டன்ட் காபித்தூள், பொடித்த மாத்திரை, அடுக்களை டப்பாவிலிருந்து சோடா உப்பு. வீடெல்லாம் கருகிய காபி நாற்றம். கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தால் ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஆடுகூட இல்லை.

கணவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆடெல்லாம் மேயப் போயிருக்கும்" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. கடைக்காரர் சொன்னதுதான் சரி, இது ஷோகேஸில் வைக்க வேண்டிய சாமான், நான்தான் முட்டாள்தனமாகப் பிடித்துத் தொங்குகிறேன் என்று தோன்றியது. வெளியே தலைகாட்டவும் பயம். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனாலே எதிர்வாசலிலிருந்து, "கழுவியாச்சா டீச்சர்?" என்று குரல் வரும்.

"இல்லக்கா, மருந்து ஊறணும்."

மருந்தாவது, ஊறுவதாவது. வாய்க்கு வந்த பொய்.

நாலைந்து நாள் கழித்து வகுப்பில் சோடியம் உப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். சமையல் சோடாவைச் சூடாக்கினால் சலவை சோடா கிடைக்கும், அதற்குக் காரம் அதிகம் என்று சமன்பாட்டைப் பலகையில் எழுதியவள் பாதியில் நின்றுவிட்டேன். காபிக் கரைசலுக்கு வேண்டியது நல்ல காரம். நான் போட்டது வெறும் சமையல் சோடா, ஆப்ப சோடா! வருடாவருடம் இதே பாடத்தை நடத்தி, பிள்ளைகள் தப்பாக எழுதினால் மார்க்கைக் குறைப்பவள், அடுக்களைக்குள் போனதும் டப்பாவில் இருந்ததை அள்ளிப் போட்டிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். பிள்ளைகள் விழிப்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தேன்.

அன்று பள்ளி விட்டு வந்ததுமே ஆப்ப சோடாவை வாணலியில் கொட்டி அரைமணி நேரம் வறுத்தேன். கடைக்குப் போய்ச் சலவை சோடாவே வாங்கியிருக்கலாம். ஆனால் பலகையில் எழுதியதை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்காவிட்டால் எனக்கு மானம் போய்விடும் போலிருந்தது. கடைசியாக மிஞ்சிய புது ரோலில் ஒரு விரல் நீளம் வெட்டி, வெயிலில் காட்டி, புதுக் கரைசலில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது கரியாகக் கறுத்தது. அடுப்படியிலேயே கையைத் தட்டிக் கத்தினேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. குளியலறை ஜன்னலில் போர்வையை அடைத்து, இருட்டில் அக்காவின் ரோலைத் தடவித் தடவிச் சுருளில் ஏற்றி, கழுவும் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். கை வியர்த்து இரண்டு முறை நழுவியது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்த வெயிலில் கொதித்ததால் வாளியில் ஐஸ் கட்டி போட்டுக் கரைசலைக் குளிரவைத்தோம். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, ஃபிலிமில் திட்டுத் திட்டாக நிற்கும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். கணவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிடம் சொன்னார். அந்த அரைமணி நேரமும் அவர் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை, அவருக்கும் பயம்தான்.

மூடியைத் திறந்து சுருளைப் பிரித்தேன். மூன்று கட்டம். கொஞ்சம் மங்கல், ஓரத்தில் காபிக் கறை, ஆனால் மூன்றிலும் அக்கா இருந்தார். அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இனி வரும் காலத்தில் ஃபிலிம் நிற்குமா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. காபியும் சோடாவும் மளிகைக் கடையில் கிடைக்கும், ஃபிலிமை நான் வாணலியில் வறுத்து எடுக்க முடியாது. அது எங்கேயாவது ஒரு தொழிற்சாலையில் ஓடினால்தான் உண்டு. இப்போதைக்கு ஓடுகிறது. தேடினால் கிடைக்கிறது. எடுத்த நொடியிலேயே தன் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார் என்றால், ஊருக்குள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்காகவாவது தேடலாம்.

ஃபிலிம் காய்ந்ததும் லேப்டாப்பின் வெள்ளைத் திரைமேல் வைத்து, செல்போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி அக்காவிடம் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டுபோய் மூன்றையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது படத்தில் வாய் இடதுபக்கம் நன்றாகவே கோணியிருந்தது. அடுப்புக்குத்தான் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"மொத ரெண்டும் ஆதார் கார்டு மாதிரி கீது" என்றார் அக்கா கடைசியில். "இத்த அனுப்பு."

அனுப்பினேன். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் பார்த்துவிட்டான் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தார். அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. அழுத்தினேன்.

"அம்மா..." மூக்கை உறிஞ்சும் சத்தம். "எப்பமா இவ்ளோ நரைச்சுது உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டான். வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முக்காட்டுக்கு முன்னால் தெரிந்த முடியைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அக்கா அந்தப் பதிவை மறுபடி மறுபடி போடச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கழுத, நரையைப் பாக்கறான் பாரு" என்று சிரித்தார். கையால் வாயை மறைக்காமல் சிரித்தார்.

"டீச்சர், ஃபிலிம் இன்னும் கீதா?"

"ஒரு ரோல் இருக்குக்கா."

"அடுத்த ஞாயித்துக்கெழம தலைக்கு மருதாணி போட்டுக்கினு வரேன். நல்லா செவசெவன்னு இன்னொண்ணு எடுத்து அனுப்பலாம் அவனுக்கு."

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மருதாணிச் சிவப்பு தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வாங்கக்கா" என்றேன்.