தெற்கே போன பவளக்காலிகள்

இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. மிளகு, சோம்பு, எண்ணெயில் முறுகிய சின்ன வெங்காயம், கடைசியாக உருவிப் போட்ட கறிவேப்பிலை. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் அக்கா மகள் கொடுத்த விருந்து. ஒரு பழைய வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் இலைக்கு ஒரு காடையாக, காலை மடக்கிக் குப்புற வைத்துக்கொண்டே வந்தார். என் இலைக்கு வருவதற்குள் நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன்.

அக்கா மகள் பின்னாலேயே வந்தாள். "என்ன மாமா, காடைன்னா ஒரு காலத்துல உயிரையே விடுவீகளாமே. அம்மா சொன்னாக." அசிடிட்டி என்றேன். ஐம்பதைத் தாண்டியவன் அசிடிட்டி என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அது ஒரு வசதி. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். சாப்பிட்ட கையோடு படிக்காதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைக்குடியில் ஒரு பார்சல் ஆபீஸில் இருந்தேன். நாள் முழுக்கச் சாக்கு நாற்றம், மண்ணெண்ணெய் நாற்றம். அடுத்த மேசையில் அன்வர். தொண்டிக்காரன், என் வயதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல், பழைய சாமான் விற்கிற தெருவில் சுற்றுவேன். அங்கேதான் அந்த பைனாகுலரை வாங்கினேன். பர்மாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் எல்லாமே பர்மாவிலிருந்து வந்ததுதான், முந்தாநாள் செய்த நாற்காலி உட்பட. ஒரு குழாயில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும். வலது கண்ணை இடுக்கி இடுக்கி எனக்கு அந்தப் பக்கம் நிரந்தரமாக ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது.

"அத வச்சுக்கிட்டு இங்க என்னத்தப் பாக்கப் போற? எங்க ஊருக்கு வா" என்றான் அன்வர். அப்படித்தான் ஆரம்பித்தது. புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிறு, விடிகாலை பஸ்ஸில் தேவகோட்டை வழியாகத் தொண்டி போய் இறங்கினேன். அன்வர் சைக்கிளோடு நின்றான். கடற்கரை என்றதும் காற்று வாங்குகிற இடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குத் தெற்கே ஓர் ஓடை கடலில் சேருகிற சேற்றுவெளி. அழுகின மீன், அறுந்த வலை, அந்த வட்டாரத்துக் காலைக்கடன் மொத்தமும் அங்கேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். சேறு முழுக்கப் பறவைகள்.

அதில் என்னைப் பிடித்துக்கொண்டது பவளக்காலி. மேலே பார்த்தால் சேற்றின் நிறம், ஒன்றும் விசேஷமில்லை. கால் மட்டும் பவளச் சிவப்பு. குளிர் தேசத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இந்த அசிங்கத்தில் இறங்கி, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். ஆள் வாடை பட்டால் முதலில் கத்துவதும் அதுதான். அது கத்தினால் மற்றதெல்லாம் கிளம்பிவிடும். முதல் நாள் முந்நூறுக்குக் குறையாமல் எண்ணினேன். நோட்டு ஒன்று போட்டுத் தேதி, இடம், தண்ணீர் ஏறிய நேரம் என்று எழுதிவைத்தேன். பார்சல் ஆபீஸ் பேரேட்டைக்கூட நான் அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

திரும்பும் வழியில், சாலை ஓரத்தில் கருப்பையா என்பவர் பரோட்டா கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆபீஸில் என்னைக் குருவி பாக்குற கிறுக்கன் என்றார்கள். வீட்டில் பெண் பார்க்கச் சொன்னால் இவன் பறவை பார்க்கிறான் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கருப்பையா ஒருவர்தான் மரியாதையாகக் கேட்டார். "இன்னைக்கி எங்குட்டு சார் கூட்டம்?" வாரா வாரம் கேட்பார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதன் என் அறிவைக் கேட்கிறானே என்று எனக்கு ஒரே பூரிப்பு. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படமே வரைந்து காட்டினேன். தண்ணீர் இறங்கியிருக்கும்போது அவை சிதறி மேயும், தண்ணீர் ஏற ஏற ஒதுங்க இடமில்லாமல் எல்லாம் ஓடைவாய்க்கு வடக்கே இருக்கிற ஒற்றைத் திட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கும், அப்போது போனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று பாடம் நடத்தினேன். கருப்பையா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நான் நெகிழ்ந்து போனேன். அந்த நெகிழ்ச்சியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் வாரம் கடையில் புதிதாகக் காடை வறுவல் வந்தது. காரைக்குடியில் விற்கிற விலையில் பாதிகூட இல்லை. சின்ன எலும்பு, கொஞ்சம் கறுத்த கறி, லேசாக ஒரு கடல் வாடை. பக்கத்தில் கடல் இருக்கிறது, வாடை அடிக்காமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்வர் தொடவில்லை. கோழி என்றால் டவுன் பாய் கடையில் அறுத்து வருகிறது, தெரியும். காடையை யார் அறுத்தது, பிஸ்மி சொல்லி அறுத்தார்களா என்று அவன் கேட்டான். வெளியூர்ச் சரக்கு என்று கருப்பையா மழுப்பினார். அன்வர் வெறும் பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்றான். நான் அவனைச் சும்மா விடவில்லை. அது செத்த பிறகு மந்திரம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று வாய் நிறையக் கறியோடு கேட்டேன். அவன் சிரித்தான். அந்த வாரம் இரண்டு பிளேட், அடுத்த வாரம் மூன்று. கருப்பையா எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார்.

இதற்கிடையில் நோட்டில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. முந்நூறு இருநூறானது, இருநூறு நூறானது. அன்வர் ஏன் என்று கேட்டான். நான் அறிஞன் அல்லவா, யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். இதெல்லாம் வலசைப் பறவை, ஓர் இடத்தில் நிற்காது, தெற்கே போயிருக்கும் என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன், பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு: பவளக்காலிகள் தெற்கு நோக்கி நகர்ந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு நாற்பதுகூடத் தேறவில்லை. கடையில் உட்கார்ந்து முதல் பிளேட்டை முடித்திருந்தேன். அன்வருக்கு என் கிண்டல் அலுத்துவிட்டது போல. அறுக்கிறவரையே பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து கடைக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது, சத்தம் போடாத குரல்.

"மாப்ள, இங்க வா. இது என்னன்னு நீயே சொல்லு."

எச்சில் தண்ணீர் தேங்குகிற குழிக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளி. ஈ அப்பிக் கிடந்தது. அன்வர் ஒரு குச்சியால் விலக்கினான். தலைகள். கால்கள். காடையின் அலகு குட்டையாக இருக்கும், இவை ஒவ்வொன்றும் விரல் நீளம், அடியில் சிவப்பு, நுனியில் கறுப்பு. கால்கள் பாதி வெளிறி மஞ்சளாகியிருந்தன, பாதி இன்னும் பவளமாகவே இருந்தன. பல வாரங்களாக ஒற்றைக் கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்து, சேற்றில் குப்புறப் படுத்து நான் பார்க்கத் தவித்த கால்கள். அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன், பைனாகுலர் தேவைப்படவில்லை. என் உதட்டில் எண்ணெய் காயவில்லை.

வாளிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு அசைந்தது. அன்வர் பிரித்தான். நான்கு பவளக்காலிகள், பறந்துவிடாமல் இருக்க இறக்கையை ஒன்றுக்குள் ஒன்று முறுக்கி மாட்டியிருந்தார்கள். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டான். ஒன்றும் பறக்கவில்லை. இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து போயின.

கருப்பையா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் பயமுமில்லை, வெட்கமுமில்லை. "கோவிச்சுக்கிடாதீக சார். காடைக்கி நான் எங்குட்டுப் போக? நீங்க சொன்ன திட்டுலதான் பயலுக வலை போட்டாய்ங்க. ஒரு வாரங்கூடத் தப்பல."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். வயிறு பேசாமல் செரித்துக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் நின்றே அன்வர் மனு எழுத ஆரம்பித்தான். வனத்துறையில் கொடுக்க வேண்டும், எந்த இடம், எந்த நேரம், எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று எழுதினால்தான் நம்புவார்கள் என்றான். "நீதான எல்லாம் நோட்டுல வச்சிருக்க. அதக் குடு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

கொடுத்திருக்கலாம். ஆனால் வலைக்காரனுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று முதல் கேள்வியே வரும். படம் வரைந்து கொடுத்தது யார் என்று கேட்டால் கருப்பையா மரியாதையாக என் பெயரைச் சொல்வார். தின்றது யார் என்றாலும் என் பெயர்தான். நோட்டு தொலைந்துவிட்டது என்று அன்வரிடம் சொன்னேன். அது என் மேசை டிராயரில் இருந்தது, அவன் கைக்கு எட்டுகிற தூரம். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தான், மறுபடி கேட்கவில்லை. தனியாகக் கையெழுத்துப் போட்டு மனுவைக் கொடுத்தான். யாரோ வந்து பார்த்து ஒரு வலையை எடுத்துப் போனதாகக் கேள்வி. நான் அதற்குப் பிறகு அவனோடு தொண்டிக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் அவன் ஷார்ஜா போய்விட்டான்.

அந்தக் காலம் என்று ஆரம்பித்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். அந்தக் காலத்தில்தான் நான் இதைச் செய்தேன். ஆனால் இந்தக் காலமும் ஒன்றும் மணக்கவில்லை. அந்தச் சேற்றுவெளியை வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது பச்சையாக நுரை கட்டிய குழிகள், கிழிந்த தார்ப்பாய். ஒற்றைத் திட்டு எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கருப்பையா கடை இருந்த இடத்தில் மீன் படம் போட்ட பெரிய ஓட்டல். மிச்சமிருக்கிற ஓடைகளுக்கு ஞாயிறு தவறாமல் கார்கள் வருகின்றன. முழ நீளக் கேமராவோடு இறங்குகிறார்கள். உட்கார்ந்திருக்கிற பறவையைப் படம் எடுத்தால் அழகில்லையாம், ஒருவன் கல் எறிகிறான், அது பறக்கும்போது மற்றவர்கள் கேமராவால் சுடுகிறார்கள். படம் எடுத்த மறுநிமிடம் இடத்தோடு வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. போடாதீர்கள் என்று ஒருமுறை குழுவில் எழுதினேன். பறவை என்ன உங்க வீட்டுச் சொத்தா என்று ஒரு தம்பி கேட்டான். எனக்கு அவனை அதட்ட வாய் வரவில்லை. காலண்டர் தாளில் படம் போட்டவன் அதட்டுவதற்கு என்ன இருக்கிறது?

விருந்தில் நான் ஏன் எழுந்து ஓடினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த வாசனை பட்டதும் எனக்கு முதலில் குமட்டவில்லை. முதலில் எச்சில் ஊறியது. இத்தனை வருஷம் கழித்தும் நாக்கு மறக்கவில்லை. குமட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், ஓர் இடத்தில் பதினோரு பவளக்காலிகளைப் பார்த்தேன். எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நோட்டிலும் எழுதவில்லை. எங்குட்டு என்று யாராவது கேட்டால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேனே, அந்தச் சந்தோஷமெல்லாம் என்றைக்கோ போய்விட்டது.

வருஷா வருஷம் ஐப்பசியில் அன்வர் ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி போடுவான். இந்த வருஷமும் போட்டான். மாப்ள, வந்திருச்சா? வந்திருச்சு என்றேன். லீவுல வாரேன், எங்குட்டுப் பாத்த என்று கேட்டான். ஒரு துண்டுகூடத் தின்னாதவன். கையெழுத்துப் போட்டவன். அவனுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? இடத்தின் பெயரை அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். கடைசியில், இப்ப இல்ல, தெக்க போயிருச்சு என்று அனுப்பினேன்.

அவன் பார்த்துவிட்டான் என்று நீல டிக் விழுந்தது. பிறகு பதில் வந்தது.

"அன்னைக்கும் இதத்தான மாப்ள சொன்ன."