மேவிஸ் டீச்சரின் திருத்தமான மொழிபெயர்ப்பு

"சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கும் நடுநிலையாளர்" என்று 1979-இல் ஒரு புனே நீதிமன்ற உத்தரவு மேவிஸ் டீச்சரை வர்ணித்தது. மேவிஸோ, பக்கத்து வீட்டுக்காரி தக்காளியைத் திட்டினால்கூட அதை மராத்திக் காய்கறிக்காரரிடம் நலம் விசாரிப்பாக மாற்றிக் கொடுக்கிறவள். புனே கேம்ப் பகுதியின் தமிழ் சர்ச்சில் அவள் திருத்தாத ஜெபம் கிடையாது.

லூர்துசாமி கிர்கியில் ஒரு தொழிற்சாலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். மறுபடி வேலைக்குப் போன வாரமே மேஸ்திரியைக் கம்பியால் அடித்துவிட்டான். அவனுக்கு வழக்கு உண்மையிலேயே புரியவில்லையா, நடிக்கிறானா என்று மனநல டாக்டர் கானிட்கர் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். நடிப்பென்றால் விசாரணை, ஜெயில், நிஜமென்றால் சிகிச்சை. அவன் வருஷக்கணக்காகப் பேசிய இந்தி தலையில் பட்ட அடியோடு போய், தமிழ் மட்டுமே மிஞ்சியதால் மேவிஸை வரவழைத்தார்கள்.

"கோர்ட் என்றால் என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

லூர்துசாமி கூரையைப் பார்த்தான். "காத்தாடி... கறுப்பு... அய்யா... சோறு எப்ப?"

மேவிஸுக்குக் கூசியது. நம் சர்ச் ஆள், படித்த மனுஷர் முன்னால் இப்படியா பேசுவது? "கறுப்பு அங்கி அணிந்த நீதிபதி, மின்விசிறியின் கீழ் அமர்ந்து வழக்குக் கேட்கும் இடம் என்கிறார். மதிய உணவு எப்போது என்றும் பணிவோடு கேட்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

டாக்டர் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்டார். லூர்துசாமிக்கு ஒன்றும் நினைவில்லை.

"இவ்வளவு அழகாகப் பேசுகிறவனுக்கு மூன்று சொல் மறக்குமா? நடிக்கிறான்" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

வெளியே லூர்துசாமியின் மனைவி ஆரோக்கியமேரி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "டாக்டரு என்ன சொன்னாவ, டீச்சர்?"

"நல்லாப் பேசுறாராம். அதனால நடிப்புன்னு நினைக்கிறார்."

"நல்லாப் பேசுதாவளா? அடிபட்டதுலேருந்து எம்பேரையே முழுசாச் சொன்னதில்ல. மேரி வந்தா ஆரோக்கியம் வராது. உள்ள வேற யாரும் பேசுனாவளா?"

பேசிய அந்த வேறு யாரோ முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். இதுவரை அவள் வெட்கப்பட்டது லூர்துசாமிக்காக. அது சௌகரியமான வெட்கம், பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இது அப்படி விடுவதாக இல்லை.

மேவிஸ் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். "டாக்டர், அழகாகப் பேசியது நான்" என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காத்தாடி, கறுப்பு, அய்யா, சோறு என்று அவன் சொன்னதை உடைந்தது உடைந்தபடியே ஆங்கிலத்தில் சொன்னாள்.