மலேயாஸ் முனை வரைக்கும்

என் மகளும் மருமகனும் முதலில் சந்தித்தது புவாண்ட்-கிளேரில், ஏரிக்கரையில், பாய்மரப் படகு ஓட்டப் பழக்கும் ஒரு கோடை வகுப்பில். மகள் மருந்தாளராக வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. அவர் உயர்ந்த கட்டடங்களில் லிப்ட் திருத்துகிறவர். மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த கிரேக்கப் பிள்ளை.

அவரைக் கட்டப்போகிறேன் என்று மகள் சொன்னபோது என் மனைவி அவளைக் கேட்ட முதல் கேள்வி, "கிரேக்கர் எண்டால், அவை வீட்டில உறைப்புச் சாப்பிடுவினமோ?" என்பதுதான். அழுகையும் கோபமும் வருமென்று பயந்துகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

எனக்கு அவரைப் பார்த்த நாளிலேயே பிடித்துப்போனது. காரணம் சொல்லத் தெரியவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்தால் வரவேற்பறையில் விருந்தாளி போல உட்கார மாட்டார். நேரே குசினிக்கு வந்து என்னோடு நின்று வெங்காயம் உரிப்பார். என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பார். மகளோடு பிரெஞ்சில். 'மாமா' என்று மட்டும் தமிழில் கூப்பிடுவார்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு ஆசை இருந்தது. கிரேக்கர்களின் பழைய கதை ஒன்று. துருக்கிக் கரையில் நடந்த பெரிய போரை முடித்துக்கொண்டு ஓர் அரசன் தன் தீவுக்குக் கப்பலில் திரும்புகிறான். நல்ல காற்றென்றால் சில வாரப் பயணம். ஆனால் அவனுக்குப் பத்து வருடம் ஆகிறது. அந்த வழியைப் பாய்மரப் படகில் தானும் ஓடிப் பார்க்கவேண்டும் என்பது மருமகனின் ஆசை. கல்யாணமாகிச் சில வருடம் கழித்து ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து விரலால் காட்டினார். கிரேக்கத்தின் தென்கோடியில் மலேயாஸ் என்று ஒரு முனை. "இதைச் சுத்திட்டால் வீடு கிட்ட, மாமா. இதிலதான் காத்து அவனை அடிச்சுக்கொண்டு போனது," என்றார்.

இரண்டு கோடைக்காலத்துக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். முதல் வருடம் துருக்கிக் கரையிலிருந்து தீவு தீவாக அந்த முனை வரைக்கும். அடுத்த வருடம் முனையிலிருந்து சிசிலிப் பக்கம் போய், வளைத்துக்கொண்டு அரசனின் தீவுக்கு.

வரைபடத்தை மடிக்கும்போது அவர் என்னைப் பார்த்து, "மாமா, நீங்களும் வாங்கோ," என்றார். தமிழில். மகள் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

அந்த வருடம்தான் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு பொருட்கிடங்கின் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில் வருடக்கணக்காக இருந்து எழுந்தவன். "போறன்," என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீந்தத் தெரியாது. இந்த வயசில உங்களுக்குக் கடல் கேக்குதோ?" என்றாள். தான் வரமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டாள். தண்ணீரைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும்.

அவர்கள் துருக்கிப் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் பாதி வழி வந்த பிறகு, பாரோஸ் தீவில் நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். வாடகைக்கு எடுத்த வெள்ளைப் படகு. முன்பக்கத்தில் அவர்கள் இருவருக்கும் ஓர் அறை. பின்பக்கத்தில் எனக்கு, நிமிர்ந்து உட்கார முடியாத ஒரு பொந்து. முதல் இரண்டு நாளும் நான் வாந்தியெடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் எடுத்தேன். வந்தது பிழை, இந்தப் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பக்கெட்டைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன்.

மருமகன்தான் என்னைக் கையைப் பிடித்து எழுப்பிச் சுக்கானுக்கு முன்னால் நிறுத்தினார்.

"எனக்குப் படகு ஓடத் தெரியாது," என்றேன்.

"படகைப் பாக்காதேங்கோ. அந்த மலையைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. சுக்கான் பிடிக்கிற ஆளுக்குச் சத்தி வராது, மாமா."

கொஞ்ச நேரத்தில் வயிறு அடங்கியது. வாடைக்காற்று முதுகில் அடித்தது, பாய் புடைத்து நின்றது, சுக்கான் என் கைக்குள் உயிருள்ள ஒன்றைப் போல இழுத்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேனாம். மகள் பிறகு சொன்னாள், அப்பா அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லையென்று.

அதற்குப் பிறகு நான் காலையில் எல்லோருக்கும் முதல் எழும்பிவிடுவேன். மருமகனும் எழும்பிவிடுவார். இரண்டு பேரும் கரைக்குப் போய்ப் பேக்கரியில் பாண் வாங்கி வருவோம். அவர் அன்றைக்குப் போகிற இடத்தையும் அரசனுடைய கதையில் அடுத்து வருவதையும் சொல்வார். பிறகு என்னைப் பற்றிக் கேட்பார். கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எங்கே வேலை செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்றெல்லாம். அதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு மகன் இல்லை. மகன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன்.

ஒருநாள் மீலோஸ் தீவில் நங்கூரம் போட்டிருந்தபோது நான் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "போர் பத்து வருசம், கடல் பத்து வருசம். இருபது வருசமா அவன்ரை மனிசி என்ன செய்தவள்?"

மருமகன் வாயைத் திறக்கமுன் மகள் சொன்னாள்: "காத்துக்கொண்டிருந்தவள் அப்பா. அவளுக்கு வேறை என்ன வேலை?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மருமகன் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிறு அது.

மொனெம்வாசியா என்ற இடத்துக்கு வந்தபோது காற்று பலத்துவிட்டது. கடலுக்குள் ஒரு பெரிய பாறை, அதன் மடியில் பழைய ஊர். மலேயாஸ் முனை அங்கிருந்து அரைநாள் ஓட்டம். ஆனால் வெளியே கடல் வெள்ளையாகக் கிடந்தது. காற்று அடங்கும்வரை துறைமுகத்திலேயே கட்டிக்கொண்டு கிடந்தோம். ஒரு மத்தியானம், வெயிலுக்குப் பயந்து நான் என் பொந்துக்குள் படுத்திருந்தேன். முன் அறையில் அவர்கள் கதைப்பது பலகைக்கு இந்தப்பக்கம் கேட்டது.

அவர்கள் எப்போதும் கதைப்பது பிரெஞ்சுதான். என்னுடைய பிரெஞ்சு தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்குகிற பிரெஞ்சு. ஆனாலும் சில சொற்கள் பிடிபட்டன. 'படகு' என்றது கேட்டது. 'வீட்டை விற்பது' என்றது கேட்டது. 'அன்ஃபான்' என்றது திரும்பத் திரும்பக் கேட்டது. பிள்ளை. அவள் அழுதுகொண்டு 'எப்போது' என்று ஏதோ கேட்டாள். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு வருடம், ஒரேயொரு வருடம் என்று கெஞ்சுவது போல இருந்தது.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அவர் வீட்டை விற்று, ஒரு படகு வாங்கி, மிச்ச வழியை ஆறுதலாக ஓடவேண்டும் என்கிறார். அவளுக்கு வயது முப்பத்தாறு. இனியும் தள்ளிப்போட முடியாது என்கிறாள். இருவர் கேட்டதிலும் பிழையில்லை. அதனால்தான் நான் யாருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காற்று குறைந்த ஒரு காலையில் புறப்பட்டோம். முனை தெரியத் தொடங்கியது. செம்மண் நிறத்தில், மரமில்லாத, உயர்ந்த மலை. கிட்டப் போகப் போக மலையின் சரிவிலிருந்து காற்று குத்துக்குத்தாக விழுந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்து எழுந்தது. மருமகன் பாயைக் குறைத்துவிட்டு மகளைப் பார்த்து, போவோமா என்று கேட்டார்.

"உன்ரை விருப்பம்," என்றாள் அவள் பிரெஞ்சில். அதுவும் எனக்கு விளங்கியது.

அவர் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காற்றில் அவரால் போயிருக்க முடியும். அதிலும் மோசமான காற்றில் அவர் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படகைத் திருப்பினார். பிறகு என் தோளில் கையை வைத்து, "பரவாயில்லை மாமா. வாற வருசம் இஞ்சையிருந்து தொடங்குவம்," என்றார்.

அடுத்த வருடம் வந்தது. பனி உருகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மகள் இரண்டு சூட்கேசோடு எங்கள் வாசலில் நின்றாள். "நாங்கள் பிரியிறம் அப்பா. அவரிலை பிழை ஒண்டும் இல்லை. என்னிலையும் இல்லை," என்றாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மருமகன் எனக்கு ஒருதரம் போன் எடுத்தார். "நான் உங்களோடை தொடர்ந்து கதைக்கலாமோ?" என்று கேட்டார். "ஓம், ஓம், கட்டாயம்," என்றேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது எப்படி என்று தெரியாது. ஒரு கல்யாணம் முறிந்தால் அந்தப் பக்கத்து வாசல்படி மிதிப்பதில்லை, அதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. கோயில் மண்டபத்தில் ஆட்கள் விசாரித்தார்கள். "அவையோடை எங்களுக்கு ஒரு கதையும் இல்லை," என்று மனைவி சொல்லிவிட்டாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போன் வருவதும் நின்றது.

இரண்டு வருடம் கழித்து அவரை மறுபடி கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிருந்தோம். அங்கே ஏரியிலிருந்து ஏரிக்குப் படகுகளை இறக்கிவிடும் மதகுத் தொட்டி ஒன்று இருக்கிறது. சனங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்குத் தொட்டிக்குள் வந்த படகுகளில் ஒன்றில் மருமகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, அத்தனை சனத்துக்கு நடுவில், "மாமா!" என்று கத்தினார்.

நான் கம்பிக்குக் கிட்டப் போனேன். தண்ணீர் வடிய வடிய அவருடைய படகு எனக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. சுகமா என்று கேட்டோம். அவர் அண்ணாந்து பார்த்து, "வாற ஞாயிறு வாறியளோ? ஏரியிலை ஓடுவம். உங்களிட்டை ஒரு விசயமும் கதைக்கவேணும்," என்றார்.

மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "பிள்ளைக்குத் தெரிஞ்சால் மனம் நோகும்," என்றாள் மெதுவாக.

"பேந்து பாப்பம்," என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் தெரியும். 'பேந்து' என்றால் பிறகு; ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம் என்பதும் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்தார். கதவு திறந்தது. படகு வெளியே போனது.

மகள் இப்போது ஒட்டாவாவில் இருக்கிறாள். நல்ல மனிதர் ஒருவரைக் கட்டியிருக்கிறாள். ஒரு பெண் குழந்தை. போன மார்கழி லீவுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்ட கோப்பைகளை அவள் கழுவ நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கதையில் சென்ட்-ஆனில் அவரைக் கண்டதைச் சொல்லிவிட்டேன். அவள் பைப்பை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"நீங்கள் போயிருக்கலாமே அப்பா?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும் எண்டுதான்..."

"எனக்கென்ன கஷ்டம்? எங்களுக்குள்ளை கோவமே இல்லையே. இடைக்கிடை மெசேஜ் போடுறவர். அவர் இஞ்சை எல்லாத்தையும் வித்துட்டுக் கிரேக்கத்துக்கே போயிட்டார். போன கோடையிலை அந்த முனையைச் சுத்தி, சிசிலிக்குப் போய், கடைசித் தீவு வரைக்கும் ஓடி முடிச்சிட்டார்."

"தனியவோ?"

"இல்லை, ஒரு சிநேகிதனோடை." கொஞ்சம் தயங்கினாள். "முதல்லை உங்களைத்தான் கேக்க நினைச்சவராம். நீங்கள் விரும்பேல்லை எண்டு எனக்கு எழுதினவர். நானும் உங்களுக்கு ஏலாதாக்கும் எண்டு விட்டிட்டன்."

ஏலும் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு ஏலும். இப்போது முழங்கால் இரண்டும் மடங்காது. டொக்டர் விமானத்தில்கூடத் தூரப் பயணம் வேண்டாம் என்கிறார்.

மகள் போனை எடுத்து அவர் அனுப்பிய படத்தைக் காட்டினாள். ஒரு சின்னத் துறைமுகம், பின்னால் பச்சை மலை. மருமகன் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், சுக்கானைப் பிடித்தபடி, என் வயதுக்காரர் ஒருவர். நல்லவராகத்தான் தெரிந்தார். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்," என்றேன்.

அவருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று மகள் சொல்கிறாள். விலாசம் வாங்கித் தருகிறாளாம். என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.