டிக் போட்ட வாக்கியங்கள்

நர்சிங் முடித்த என் மகள் வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் ஒருமுறை தோற்றதும், தினம் பத்து கடினமான சொற்கள் என்று விதி போட்டவள் நான்தான். நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதலில் சொல், அடுத்து பொருள், கடைசியில் அந்தச் சொல்லை வைத்து ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம். மலையாளப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத அவளுக்குத் தடுமாற்றம். பொருளைத் தமிழிலேயே சொல்வாள், எழுதுவது மலையாள எழுத்தில். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது சிவப்புப் பேனாவால் திருத்துவேன். ஸ்பெல்லிங்கையும் பொருளையும் போனில் சரிபார்ப்பேன். வாக்கியத்தில் அந்தச் சொல் இருந்தால் போதும், டிக் போட்டுவிடுவேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், எர்ணாகுளம் கோச்சிங் வகுப்பிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். மகளுக்கு உடம்பு தேவலையா என்று கேட்டார். பதினோரு நாளாக அவள் வகுப்புக்கே வரவில்லையாம். அன்று காலையும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவளைக் கூப்பிட்டேன். போன் ஸ்விட்ச் ஆஃப்.

வீட்டுக்கு ஓடினேன். கூடப் படிக்கும் பெண்கள் யாருடைய நம்பராவது இருக்குமா என்று மேசையைக் கிளறியபோது நோட்டு கையில் கிடைத்தது. வாக்கியங்களை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன்.

'ரிலக்டன்ட்', மனமில்லாத. வகுப்பின் படி ஏற எனக்கு மனமில்லை என்று எழுதியிருந்தாள். 'ரிடிக்யூல்', கேலி. நான் ஆங்கிலம் பேச எழுந்தால் பின் பெஞ்சில் கேலி செய்கிறார்கள். 'ஃபியூட்டைல்', பயனற்ற. இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. இதன் பக்கத்தில் டிக்கோடு 'குட்' என்றும் எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான். 'லிங்கர்', போகாமல் அங்கேயே நிற்பது. நாலு மணிவரை எர்ணாகுளம் படகுத்துறையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தண்ணீர் என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

எர்ணாகுளம் போகும் படகுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி பஸ் ஏறினேன். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. வெளியே காயல் தண்ணீரைப் பார்க்காமல் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுத்துறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுப் பாத்திரம், பாதி சாப்பிட்டபடி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நோட்டு வாசிச்சேன் மோளே."

"இன்னிக்கா?" என்றாள். "தினமும் டிக் போட்டியே அம்மா. எல்லாம் வாசிச்சிட்டுத்தான் நீ ஒண்ணும் பேசாம மிண்டாம இருக்கேன்னு நெனச்சேன்."

மிச்சச் சோற்றைப் பாத்திரத்தோடு என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு படகுகள் போன பிறகு, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். நடுவில் புத்தி சொல்ல வாயெடுத்து எத்தனையோ தடவை அடக்கிக்கொண்டேன்.

வகுப்பை நிறுத்தியாயிற்று. மறுபடி தேர்வு எழுதுவாளா என்று நான் கேட்பதில்லை. ஆனால் அவள் வெளியே போய் போன் எடுக்காவிட்டால் இன்னும் கிடங்கில் எனக்குக் கை ஓடுவதில்லை.

போன வாரம் அவளாகவே நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்றே சொற்கள். ஒரு வாக்கியம் மழையைப் பற்றி, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை. இருந்தும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். நிமிர்ந்தபோது, வாசிக்கிறேனா என்று அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.